ஆயிரத்து நூறு அடி

தியாகதுருகத்துப் பக்கம் பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. சுப்புராயனுக்கு அது பிறந்ததிலிருந்தே உண்டு. சித்தப்பா மகன் காசிநாதன் ஓட்டு வீடு கட்டினான், இவர் மெத்தை வீடு கட்டினார். அவன் ஒரு கறவை வாங்கினால் இவருக்கு இரண்டு வேண்டும். ஐம்பத்து நாலு வயதுவரை வண்டி இப்படியே ஓடியது.

வினை வந்தது காசிநாதன் போட்ட போரில். தொள்ளாயிரம் அடியில் மூன்று இஞ்ச் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சுப்புராயனின் முந்நூறு அடி போரில் ஒன்றரை இஞ்ச். ஒரு ஏக்கர் மரவள்ளிக்கு அது தாராளம்தான். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடினால் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த மலர்விழி, அவ்வளவு ஆழம் போக வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "அவ்ளோ ஆழத்துல இருக்கறது நேத்து பெஞ்ச மழை இல்லீங்க. பல ஆயிரம் வருஷமா பாறை வெடிப்புல தேங்கினது. எடுத்துட்டா, திரும்ப ஊற பேரப்புள்ளைங்க காலம்கூட பத்தாது."

சுப்புராயன் காதில் விழுந்தது ஒன்றுதான். "அத்தினி வருஷத்துத் தண்ணிய அவன் மட்டும் குடிப்பானா?"

மறுவாரமே போர் வண்டி வந்தது. ஓடுகிற போரையே ஆழப்படுத்தச் சொன்னார். வண்டிக்காரன் பகலவன் தயங்கினான். "தண்ணி இருக்கற போருங்க. கீழ காஞ்ச வெடிப்பு இருந்தா இருக்கறதும் எறங்கிப் பூடும்."

"அவனுக்குத் தொள்ளாயிரம்னா எனக்கு ஆயிரத்து நூறு. நீ ஓட்டு."

ஆயிரத்து நாற்பதாவது அடியில் கம்பி சட்டென்று இறங்கியது. வெற்று வெடிப்பு. அதுவரை மேலே வழிந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுபோனது. அப்போதும் அவர் விடவில்லை. ஆயிரத்து நூறைத் தொட்ட பிறகுதான் வண்டியை நிறுத்தச் சொன்னார். மோட்டாரை இறக்கிப் போட்டால் காற்றுதான் வந்தது.

கிழங்கு திரள இன்னும் மூன்று மாதம் தண்ணீர் வேண்டும். பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. காசிநாதனே வரப்பைத் தாண்டித் தன் போர்த் தண்ணீர் வரும் ஓஸ் பைப்பை இழுத்துவந்து போட்டான்.

"இன்னாண்ணே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உன் செடி காயறதப் பாத்துக்கினு நான் சும்மா இருப்பனா?"

சுப்புராயன் மறுக்கவில்லை. மறுத்தால் மரவள்ளி செத்துவிடும். அவன் போன பிறகு ஓஸைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். உப்புக் கரிக்க வேண்டும், துரு வாடை அடிக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேதான் குடித்தார்.

இளநீர் மாதிரி தித்தித்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்து சுப்புராயன் அழுதார்.