செம்புக் குண்டு

மான் இறைச்சிப் பிரட்டலுக்காக நான் யாரோடும் சண்டை பிடிப்பேன். அப்படிப் பிடித்த சண்டைகளிலே பெரியது சின்ன மாமாவோடு பிடித்ததுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது முடியப்போகிறது.

மாமா, அம்மாவின் தம்பி. ஜெர்மனியில் இருந்து வந்து, குட்மேய்ஸ் என்ற ஊரில் எங்கள் வீட்டு மேலறையில் இருந்தார். வார நாட்களில் வீடுகளுக்கு வயரிங் செய்வார். சனிக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் காட்டுக்கு, பயிரை மேய்கிற மான்களைச் சுடப் போவார். துவக்குக்கு லைசென்ஸ், பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அம்மாவுக்குத்தான் அது பிடிக்காது.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே எல்லாரும் ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்துத் துவக்கு வாங்கி வைச்சிருக்கிறாய், விசரா" என்பார். ஆனால் இறைச்சி வந்து இறங்கியதும் சட்டியை அடுப்பில் வைப்பவரும் அவர்தான்.

அந்தக் கோடை முடிவில் ஒருநாள், அம்மாவைக் கிளினிக்கில் இருந்து கூட்டிக்கொண்டு வந்த மாமா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் டீப் பிரீசரைத் திறந்தார். மான் இறைச்சிப் பொதிகளை எல்லாம் அள்ளிக் குப்பைப் பைக்குள் போட்டார். என் பிறந்தநாளுக்கென்று அம்மா எடுத்துவைத்த தொடை இறைச்சியும் அதற்குள் போயிற்று. ஐயோ, எனக்கு வந்த கோபம்! பையைப் பிடித்து இழுத்து, "மாமா, உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன். வேறு நாளென்றால் அந்த வாய்க்கு அம்மாவிடம் நல்ல குட்டு விழுந்திருக்கும். அன்று அம்மா கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

அம்மா கர்ப்பமாக இருந்தார். எனக்குப் பிறகு இரண்டு கருக்கள் தங்காமல் போயிருந்தன. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. மாமா சுட்டது ஈயக் குண்டால். அது மானுக்குள் போனதும் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துகளாக இறைச்சியில் பரவும். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு அது கூடாது என்று கிளினிக்கில் தாதி சொல்லியிருக்கிறார். முன்பு தங்காததற்கு இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. மாமாதான் அந்தப் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "இனிச் செம்புக் குண்டுதான் பிள்ளை. அது உள்ளுக்குப் போய் பூ மாதிரி விரியும், ஆனா உடையாது. உன்ரை பிறந்தநாளுக்கு நல்ல இறைச்சி கொண்டு வாறன்."

சொன்னாரே தவிர, இறைச்சி வந்தபாடில்லை. குண்டு மாறினால் துவக்கின் குறியும் மாறுமாம். அதைச் சரிபார்க்கப் பல சனிக்கிழமைகள் காகித இலக்கைச் சுட்டுவிட்டு வந்தார். பிறகு காட்டுக்குப் போயும் வெறுங்கையோடு வந்தார். அதிக தூரத்தில் நின்றால் செம்பு சரியாக விரியாது, மான் காயத்தோடு ஓடித் துடிக்கும், அது கிட்ட வராமல் சுடமாட்டேன் என்றார். தமிழ்ப் பள்ளிக்கூடம் முழுக்க, பிறந்தநாளுக்கு மான் இறைச்சி என்று புளுகித் திரிந்த எனக்கு மானம் போயிற்று.

"மான் உங்களைக் கண்டு சிரிச்சிருக்கும்" என்றேன்.

"சிரிக்கட்டும். இதிலை அவசரப்பட ஏலாது."

ஒருவழியாகப் பிறந்தநாளுக்கு முந்திய வாரம் ஒரு மான் கிட்ட வந்தது. அப்படியும் மாமாவுக்கு மனம் ஆறவில்லை. குண்டு பட்ட இடத்தைச் சுற்றி வெட்டி வெட்டி எறிந்தார். பிறந்தநாளன்று சமைத்தவரும் அவரே. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் தட்டை நீட்டிக்கொண்டு நிற்க, மாமா முதல் அகப்பையை அம்மாவின் தட்டில் போட்டார்.

"இண்டைக்கு என்ரை பிறந்தநாள்! எனக்குத்தான் முதல்!"

"பொறு பிள்ளை. முதல்லை அவை ரெண்டு பேரும் சாப்பிடட்டும்."

கிளினிக்கில் இருந்து வந்த நாள் முதல் இறைச்சியே தொடாத அம்மா ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார். "நல்லாயிருக்கடா தம்பி" என்றார். மாமா அகப்பையைப் பிடித்தபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேசையில் அம்மா மட்டும்தான் இருந்தார். மற்றவர் யார்? யாரோ விருந்தாளியாக்கும் என்று நினைத்து, இன்னொரு தட்டை எடுத்துவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அந்தத் தட்டுக்குரியவன் வந்து சேர இன்னும் மாதக்கணக்கு இருந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்? கறி ஆறுகிறதே, இந்த மனிதர் எப்போதுதான் வருவார் என்று எரிச்சலோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.