அதே வண்டி வேண்டாம்

இரண்டு வண்டிகளுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. அதனால்தான் நான்கு மாதம் இழுத்தது. ஒன்று மட்டும் எட்டாத விலையில் இருந்திருந்தால் எங்கள் சம்பளமே முடிவைச் சொல்லியிருக்கும். நான் திண்டிவனத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். பத்து வருடம் ஓட்டிய சின்னக் காரைக் கொடுத்துவிட்டு ஒரு எஸ்.யூ.வி. எடுப்பதென்று முடிவாகியிருந்தது. எது என்பதுதான் முடிவாகவில்லை.

ஒன்று பெட்டி போல உயரமாக, அகலமாக இருந்தது. மற்றது வழுவழுவென்று, மேலே திறக்கும் கண்ணாடிக் கூரையோடு இருந்தது. மகளுக்கு அந்தக் கூரை பிடித்துவிட்டது. நான் தினமும் பள்ளி விட்டு வந்ததும் போனில் இரண்டைப் பற்றியும் வீடியோ பார்த்தேன். யார் எதைச் சொன்னாலும் சரியாகத்தான் பட்டது.

ஒரு சனிக்கிழமை விழுப்புரம் போய், பைபாஸில் இருந்த இரண்டு ஷோரூம்களிலும் ஓட்டிப் பார்த்தோம். கண்ணாடிக் கூரை வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த உயரமான வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மனைவி பெருமூச்சு விட்டாள். நின்று நின்று வேலை பார்த்து அவளுக்கு முதுகு போயிருந்தது. விக்கிரவாண்டி வரை போய்த் திரும்பியபோது, "எனக்கு வலியே தெரியலைங்க. இதையே எடுத்துடலாம்" என்றாள். மகளும் மறுப்பு சொல்லவில்லை. எனக்கோ இறங்கவே மனமில்லை. எதை வாங்கினாலும் பத்துப் பேரிடம் காரணம் தேடுகிறவன் நான். அன்று எனக்கு எந்தக் காரணமும் வேண்டியிருக்கவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். "திங்கட்கிழமை வந்து புக் பண்றேன்" என்று ஷோரூம் பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லப் போனேன். எங்கள் ஊர் பெருமுக்கல் பக்கம். அம்மா போனபிறகும் அப்பா ஊருக்கு வெளியே காலனி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். திண்டிவனம் வரச் சொன்னால் வரமாட்டார். அவருடைய உழைப்பெல்லாம் ஊர்த்தெருவில் இருக்கும் பெரிய வீட்டாரின் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கியே போனது. நான் படித்ததும் அந்தக் கூலியில்தான்.

போனில் வண்டியின் படத்தைக் காட்டினேன். தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"இது அவங்க வண்டியாச்சேப்பா" என்றார்.

பெரிய வீட்டு வாசலில் அதே வண்டி, அதே கறுப்பு நிறத்தில் ஒரு வருடமாக நிற்கிறது. எனக்கும் தெரியும். ஆனால் அது ஒரு விஷயமென்று எனக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றாதபடி பார்த்துக்கொண்டேனோ என்னவோ.

"கலர் வேணா மாத்திக்கிறேன்" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. "வேற வண்டியே இல்லியா?"

"இருக்குது. ஆனா இதுதான் புடிச்சிருக்குது. கம்பெனிக்காரன் ஆயிரக்கணக்குல பண்ணி விக்கறான்பா. யார் வேணா வாங்கலாம்."

"கம்பெனிக்காரனா இங்க வந்து குடியிருக்கப்போறான்? நான்தான இருக்கறேன்."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"சொல்லமாட்டாங்க. பாப்பாங்க" என்றார் அப்பா. "எதுக்குடா நமக்கு பேஜாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாத்தியார் வேலை பார்க்கிறேன், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே என் வகுப்பில் உட்காருகிறார்கள், என் சம்பளத்தில் எனக்குப் பிடித்ததை வாங்க யாரைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் குரலை உயர்த்திப் பேசினேன். அப்பா நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ பைக்கைத் தள்ளிக்கினு போனியே, அன்னைக்கு நான் கிணத்தாண்ட நின்னுக்கினு பாத்துக்கினு இருந்தேன்."

அது என் முதல் சம்பளத்தில் வாங்கிய பைக். வாங்கிய வாரமே ஊருக்கு ஓட்டிவந்தேன். ஊர்த்தெரு முனையில் பெரிய வீட்டுப் பெரியவர் கை காட்டி நிறுத்தினார். திட்டவில்லை. "தெரு முடியறவரைக்கும் தள்ளிக்கினு போயிடு தம்பி. எல்லாரும் உக்காந்துக்கினு இருக்கறாங்க பாரு" என்று சாதாரணமாகச் சொன்னார். நானும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கண்ணாடிக் கூரை வண்டியைப் புக் செய்தேன். உயரமான வண்டி ஷோரூம் பையன் மூன்று தடவை போன் செய்தான். "எங்க வண்டியில இன்னா சார் குறை? சொல்லுங்க, மேனேஜர்ட்ட பேசறேன்" என்றான். மைலேஜ் பத்தாது என்று ஒரு பொய்யைச் சொன்னேன். வீட்டிலும் அதையேதான் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டாள். "மாமா ஏதாவது சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லையென்றேன். அவள் மேற்கொண்டு கேட்காததே, அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

ஆசிரியர் அறையில்தான் கூத்து. இந்த வண்டிதான் ஏன் சிறந்தது என்று கரும்பலகையில் கணக்குப் போடாத குறையாக விளக்கினேன். பாதுகாப்பு, சர்வீஸ், மறுவிற்பனை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நான் பேசியதைக் கேட்டு இயற்பியல் ஆசிரியர் அதே வண்டியை எடுத்தார். இன்றும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்றி சொல்கிறார். அவருடைய நன்றியைப் போல என்னைக் குத்துவது வேறொன்றுமில்லை.

வண்டி எடுத்து இரண்டு மாதமிருக்கும். திண்டிவனத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கறுப்பு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் பெரிய வீட்டு மகன். பத்தாவது வரை என்னோடு ஒரே வகுப்பு. பெரியவர் செத்தபிறகு நிலத்தையெல்லாம் இப்போது இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் என்னை 'டா' போட்டுப் பேசுவார். நான் 'ங்க' போடுவேன். அது எப்போது பழகியதென்று எனக்கு நினைவில்லை.

என் வண்டியைச் சுற்றிவந்து பானெட்டைத் தட்டினார். "இன்னாடா, இதைப் போயி எடுத்திருக்கற? அதே காசுக்கு எங்களுது மாதிரி எடுத்திருக்கலாம்ல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கூட்டிக்கினு போயிருப்பேனே."

கிண்டல் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"வீட்ல புள்ளைக்கு இதுதான் புடிச்சிதுங்க" என்றேன்.

"புள்ளைங்க பேச்சைக் கேட்டா அவ்ளோதான்" என்று சிரித்தார். தோளில் கை போட்டுவிட்டுப் போனார்.

நேராக ஊருக்கு விட்டேன். அப்பா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா சொன்னாரு? பாத்தியா, எவ்ளோ சந்தோஷமா பேசியிருக்கறாரு."

"நான் வேற வண்டி எடுத்ததாலதான் அந்தச் சந்தோஷம்" என்று கத்தினேன். "அதையே எடுத்திருந்தா இப்படிப் பேசியிருப்பாரா?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றார் அப்பா. "உனக்கும் தெரியாது. எனக்கு தெரிய வேணாம்பா. நான் தூங்கணும்."

அவர் சொன்னது சரி. எனக்கும் தெரியாது. அந்த மனிதர் அப்போதும் தோளில் கை போட்டிருக்கக்கூடும். அப்படியானால் என்னைத் தடுத்தவர் யாருமில்லை, நானேதான். இல்லையென்றால் அப்பா பயந்தது நியாயம். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

மூன்று வருடமாகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நீண்ட தூரம் போனால் மனைவி இடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொள்கிறாள். கூரையை ஒன்றிரண்டு தடவை திறந்ததோடு சரி. வெயிலில் யார் திறப்பது? மகளும் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டாள்.

போன மாதம் மயிலம் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "எக்ஸ்சேஞ்ச் போட்டுட்டு அந்த வண்டியே எடுத்துடலாமாங்க? உங்களுக்கும் அதுதானே ஆசை."

"அப்பா இருக்கறவரைக்கும் வேணாம்" என்றேன்.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னது என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தலையணையை எடுத்து இடுப்புக்குப் பின்னால் சரியாக வைத்துக்கொண்டாள்.