மாமியார் இன்று ஏறுமுகம்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக விருத்தாசலம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினேன். லேசில் விடுகிற ஆள் இல்லை நான். வர்த்தகச் செய்தி சொல்லிப் பிழைக்கிறவள் ஆட்டோவில் ஏமாறலாமா?

அந்த மனிதர் என்னையே உற்றுப் பார்த்தார்.

“யம்மா... இந்தக் கொரல எங்கயோ கேட்டுருக்கனே. ரேடியோல ஏறுமுகம், இறங்குமுகம்னு சொல்வாங்களே... அந்தம்மாதான நீங்க?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. டி.வி.க்காரர்கள் தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வானொலிக்காரிக்கு ஏது அந்தப் பாக்கியம்? வாயைத் திறந்தால்தான் உண்டு.

“நானேதாங்க. அப்ப கொஞ்சம் குறைச்சுக்கலாமில்ல?”

“அதெப்புடிங்க? பெட்ரோல் ஏறுமுகம்னு நேத்து நீங்கதான சொன்னீங்க!”

கேட்டதைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கோபமே வரவில்லை. இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குக் கோபம் வராது. ஏன் என்று சொல்கிறேன்.

தனியார் எஃப்.எம்.கள் வந்து இறங்கிய சமயம் அது. எங்கே திரும்பினாலும் பாட்டு, அரட்டை, கடி ஜோக். நான் அரசு வானொலியில் ஒப்பந்த அடிப்படையில் தினமும் கொஞ்ச நேரம் வர்த்தகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிப்பது மட்டுமா? மண்டிக்குப் போவது, மில் வாசலில் கால் கடுக்க நிற்பது, பட்ஜெட் அன்று சாப்பாட்டை மறப்பது... எல்லாம் நானே. பி.காம். முடித்துவிட்டு ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. வேறு வேலை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது, தெரியவும் தெரியாது.

ஒருநாள் நிலைய அதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர். அதனால் ரொம்ப நேரம் சுற்றி வளைத்தார்.

“அம்மா, உங்க நேரத்துலயும் பாட்டே போட்டா என்னன்னு மேலேருந்து கேக்கறாங்க. வியாபாரச் செய்திய யாரும்மா கேக்கறாங்க?”

“கேக்கறாங்க சார்.”

“யாரு?”

யார்? எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டூடியோவில் எனக்கு எதிரே ஒரு மைக்கும் ஒரு சுவரும்தானே இருந்தன!

“சரி, கேக்கறவங்களப் பேச வெச்சு டேப்புல கொண்டு வாங்க. அதக் கேட்டுட்டு முடிவு பண்றேன்” என்றார்.

நிகழ்ச்சி போனால் ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் விருத்தாசலம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு சின்ன செராமிக் யூனிட்டின் முதலாளியை முன்பு போனில் பேட்டி எடுத்திருந்தேன். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னது: “நம்ம யூனிட்டு பொம்பளைங்க டெய்லி உங்க நிகழ்ச்சியக் கேக்குறாங்க மேடம். ஒருநாளு கூட ஸ்டேஷன் மாத்துனதில்ல.”

போதாதா? டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

யூனிட்டுக்குள் நுழைந்தால் எங்கும் வெள்ளை. தரை, சுவர், பெண்களின் புருவம் வரைக்கும் வெள்ளை. கூழ் மாதிரி கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, ஈர ஸ்பாஞ்சால் பொம்மையின் மூக்கு முழியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே உயரமாக ஒரு பலகை. அதில் பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொண்டு ஒரு ரேடியோ! கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் சரோஜாதான் அங்கே வாயாடி. மைக்கை அவரிடம் நீட்டினேன்.

“எங்க நிகழ்ச்சியத் தினமும் கேப்பீங்களாம்மா?”

“கேக்காமயா? ஒருநாளு தவற மாட்டோம்ங்க!”

எனக்குப் பாதி உயிர் திரும்பியது. பேராசை யாரை விட்டது? “அதுல உங்களுக்கு என்ன புடிக்கும்?” என்று அடுத்த கேள்வியைப் போட்டேன்.

“புடிக்கறதா?” சரோஜா தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். முழங்கை வரை மண். “இந்தக் கையோட ரேடியோவத் தொட்டா ஓனர் கத்துவாரு. பாட்டு முடிஞ்சதும் நீங்க வந்துடுறீங்க. யாரு எழுந்து போயி, கையக் கழுவி, ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பறது? அதுக்குள்ள நீங்களே போயிடுறீங்க. மறுபடி பாட்டு வந்துடுது.”

யூனிட்டே கொல்லென்று சிரித்தது. டேப் ஓடிக்கொண்டிருந்தது... என் வேலையும் அதோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில் இருந்த ஷகிலாவுக்கு. மங்கலம்பேட்டைக்காரர்.

“ஏங்க்கா, மனசு நோவுற மாரி பேசுற? அவங்க சொல்றத வெச்சித்தான இங்க நாம பேசிக்கிறோம்” என்றார்.

“என்ன பேசிக்குவீங்க?”

“அதாங்க... ஓனர் சிடுசிடுன்னு வந்தாருன்னா, ‘ஏய், மார்க்கெட்டு சரியில்ல, குனிஞ்சிக்க’ம்போம். மழ புடிச்சிக்கிட்டு பொம்ம காயலன்னா, ‘வர்த்தகம் மந்தம்’. இதோ, மேரி வூட்டுக்காரரு ஒரு வாரமா குடிக்கல. ‘நிலையான போக்கு’ங்க!”

மேரி வெட்கப்பட்டுக்கொண்டு பொம்மைக்குப் பின்னால் ஒளிந்தார்.

சரோஜா விடுவாரா? “எங்க மாமியா இன்னிக்கி காலையிலேயே ஏறுமுகம்ங்க. கொழம்புல உப்பு கம்மியாம். நான் வாயே தெறக்கல. சாயங்காலம் வூட்டுக்குப் போறதுக்குள்ள கொஞ்சம் எறங்கிடும்.”

கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கிளம்பும்போது, “இத ரேடியோல போடட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“தாராளமாப் போடுங்க. எங்க மாமியாவுக்கு டி.வி. சீரியலுதான். ரேடியோ பக்கமே வராது.”

பஸ்ஸில் திரும்பும்போது அந்த மண் கை விவகாரத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டினால் சிரிப்பும் போய்விடும். ஆனது ஆகட்டும் என்று முழுசாகவே போட்டுக் காட்டினேன்.

‘யாரு கழுவித் திருப்பறது’ வந்தபோது அதிகாரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சரிதான், கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ‘எங்க மாமியா ஏறுமுகம்’ வந்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்க வீட்டுல கல்யாணமான நாளா ஏறுமுகம்தாம்மா. இறங்கினதே இல்ல... இத அப்படியே ஒலிபரப்புங்க. நிகழ்ச்சி இருக்கட்டும். மேல நான் பேசிக்கறேன்.”

எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு — நம்மை ஆசை ஆசையாகத் தேடி வருகிறார்கள் என்று. நிஜத்தில் பாதிப் பேர் வேறு வழியில்லாமல்தான் வருகிறார்கள். நீங்கள்கூட இதை பஜ்ஜி மடித்த காகிதத்தில் படித்துக்கொண்டிருக்கலாம், யார் கண்டது? எனக்கு அதில் வருத்தமே இல்லை. எத்தனையோ ஆலை அதிபர்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன். கை குலுக்கினார்கள், காபி கொடுத்தார்கள். ஆனால் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அந்த யூனிட்டுப் பெண்கள்தான். இன்றைக்கும் சாப்பிடுகிற சோற்றில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. வாய்விட்டுச் சொல்கிறேன்: நன்றி தாயே!

ஒலிபரப்பான மறுநாள் நிலையத்துக்கு ஒரு போன். சரோஜா. பூத்திலிருந்து பேசினார்.

“மோசம் போயிட்டங்க. அன்னிக்கின்னு பாத்து எங்கூருல கரண்டு கட்டு. டி.வி. இல்லன்னு பக்கத்து வூட்டுல போயி பேட்டரி ரேடியோ கேட்டுருக்குது எங்க மாமியா!”

எனக்குப் பகீரென்றது. “ஐயய்யோ! என்னம்மா சொன்னாங்க?”

“என்னா சொல்லும்? ‘நான் ரேடியோல வந்துட்டன்’னு ஊரு பூரா சொல்லிட்டு வருது. இப்ப டெய்லி உங்க நிகழ்ச்சிதான். ‘நாளைக்கி நான் ஏறுமுகமா, இறங்குமுகமா’ன்னு என்னையே கேக்குதுங்க!”

கையில் பொட்டு மண் இல்லாமல், ஸ்டேஷனை மாற்ற வசதி இருந்தும் மாற்றாமல், என்னைத் தேடிக் கேட்ட முதல் நேயர் அந்த மாமியார்தான்!