வைத்தியச்சியின் பலத்தைக் குறைக்கப் பார்த்த ஞாயிறு

திங்கட்கிழமை காலை அலுவலக லிஃப்டில் யாராவது என்னிடம், "எஸ்தரே, இன்னலெ ஆரா மரிச்சது?" என்று கேட்பார்கள். நேற்று செத்தது யார் என்று அர்த்தம். எங்கள் பாளையங்கோட்டையில் 'மரித்தார்' என்பது இரங்கல் சுவரொட்டியில் வருகிற சொல். திருவனந்தபுரத்தில் அது எங்கள் ஞாயிறு விளையாட்டைப் பற்றிய நலவிசாரணை. பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பாதாள நகரங்களுக்குள் போய்வருகிற விளையாட்டு. முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே, யாருமில்லை என்று பதில் சொல்வேன். இப்போது அந்தக் கேள்வி வந்தால் லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

விளையாட்டை நடத்துவது சக ஊழியர் பிஜு. வீடு விழிஞ்ஞத்தில், துறைமுகக் கிரேன்கள் ஜன்னலை மறித்து நிற்கும். எங்களோடு வேலை பார்க்கும் அனூப் வாள்வீரன், பிஜுவின் தங்கை ஷைனி மந்திரவாதி, நான் வைத்தியச்சி. அன்று மழை இறங்காமல் மேகம் மட்டும் கடல்மேல் கவிந்து கிடந்தது. பிஜு ஆட்டத்தைத் தொடங்காமல் எங்கள் மூவரையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் வாள்வீரன்தான் எல்லோரையும் காக்கிறான், மந்திரவாதி இரண்டு மந்திரத்தில் களைத்துவிடுகிறாள். போகப் போக அவள் ஒரு சொல்லில் கோட்டையையே எரிக்கிறாள், அவனோ அதே வாளை அப்படியே வீசிக்கொண்டிருக்கிறான். அதையாவது சரிக்கட்டலாம், ஆனால் வைத்தியச்சி இருக்கும்வரை யாரும் சாகமாட்டார்கள், சாவில்லாத ஆட்டத்தில் பயம் எங்கே இருக்கும், ஆகவே என் பலத்தைப் பாதியாக்கப்போவதாகச் சொன்னார். மற்றவர்கள் விழுவதற்காகக் காத்திருப்பதுதான் என் வேலை, அதையும் பிடுங்கினால் நான் எதற்கு என்று கேட்டேன். அவர் பதில் குழறியது. யாருடைய முறை என்பதே மறந்துபோய், எரிச்சலோடு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

எட்டிப் பார்த்தேன். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் சட்டை நனைந்திருந்தது. கூப்பிட்டதற்கு முனகல்கூட இல்லை. ஷைனியிடம் ஓடிவந்து, "பிஜு மயங்கிட்டார்" என்றேன்.

"மயங்கட்டே சேச்சி, பாவம்" என்றாள். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்து பகடையை எடுத்தாள்.

அவள் பதறாததால் நானும் அடங்கினேன். பாளையங்கோட்டையில் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கி விழுந்த காலையில், அம்மா கத்துவதற்குள் நாலு வீட்டு ஆட்கள் உள்ளே நின்றார்கள். ஒருவர் சீனியோடு வந்தார், ஒருவர் காலைத் தேய்த்தார், ஒருவர் காரணமே இல்லாமல் அம்மாவைத் திட்டினார். அங்கே யாராலும் தனியாகப் படுத்திருக்க முடியாது. இங்கே யாரும் அடுத்தவர் அறைக்குள் நுழைவதில்லை. ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்று என்னைக் கேட்பதில்லை. அந்த நாகரிகத்துக்காகவே இந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் சாத்திய கதவுக்கு இப்பால் உட்கார்ந்து, வைத்தியச்சியைக் குறைப்பதா, வாள்வீரனைக் கூட்டுவதா என்று அனூப்போடு வாதாடினேன்.

தண்ணீருக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தபோது ஊறுகாய்க்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா இருந்தது. அப்பா வைத்திருப்பது போன்றதேதான். யாருடையது என்று கேட்டேன். சேட்டனுக்கு இந்த வாரம்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்றாள் ஷைனி. மதியம் சாப்பிட்டாரா என்றதற்கு அவள் மூடிவைத்திருந்த தட்டைத் திறந்து பார்த்தாள், சோறு அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் மயங்குவது கண்ணயர்வது. 'தூங்கிவிட்டார்' என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு, 'தூங்கட்டும்' என்றிருக்கிறாள்.

கதவைத் திறந்தோம். கை சில்லிட்டிருந்தது. வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம் என்று ஷைனியைத் தடுத்தேன். அனூப் காரை எடுத்தார். பின்சீட்டில் என் மடியில் கிடந்த தலை ஒவ்வொரு வளைவிலும் பிடியில்லாமல் உருண்டது. நான் தமிழில் ஜெபித்தேன், ஷைனி மலையாளத்தில். வழியெல்லாம் மழை கொட்டியது.

குளுக்கோஸ் ஏறியும் அவர் கண் திறக்க வெகுநேரமானது. பிழைத்துவிட்டார், இன்னும் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்றார் டாக்டர்.

அதற்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். யார் முதலில் கவனித்தது என்று ஒரு சித்தி கேட்டார். ஷைனி அழுதுகொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நம்முடெ தமிழத்தியா கண்டது." நம்முடைய தமிழச்சிதான் பார்த்தாள் என்று.

'நம்முடெ' என்ற சொல்லுக்கு அவர்கள் பெஞ்சில் நெருங்கி இடம் விட்டார்கள். 'தமிழத்தி' என்ற சொல்லுக்குச் சித்தி குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் பேசுவதுபோல், "மலையாளம் அறியாமோ?" என்று கேட்டார். அறியாம், அதாவது தெரியும், என்று தலையாட்டினேன். விட்ட இடம் சிறியது. பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி வெளியிலுமாக, ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.