விடியக்காலையில் மாமா அடித்த ஃப்ளாஷ்

என் தாய்மாமாவுக்குக் கல்யாண வீடுகள் அலுத்துப்போன வருஷம் எனக்குப் பதினோரு வயசு. திருக்கழுக்குன்றத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். மாலை போட்ட ஜோடிகளைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி அவர் வாயே ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்தில் அலைச்சறுக்குப் பலகையோடு கடலில் இறங்கும் பெண் நான் ஒருத்திதான். அக்கா மகள் அலைமேல் ஏறி நிற்கிறாள் என்ற சேதி காதில் விழுந்ததும் மனிதர் கேமராவோடு வந்து இறங்கிவிட்டார்.

"வெயில்ல எடுத்தா எல்லாப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும். விடியச்சொல்ல வானம் கறுப்பா கீதுல்ல, அப்ப ஃப்ளாஷ் அடிக்கணும். தண்ணி சொட்டு சொட்டா அந்தரத்துல நிக்கும் பாரு" என்றார்.

தண்ணீர் எப்படி நிற்கும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஸ்டுடியோ வாசலில் மணப்பெண்களுக்கு நடுவே என் படம் தொங்கும் என்றாரே, அதில் மயங்கிவிட்டேன். அப்பா கரையோர வலை எடுக்கத் தனியாகப் படகில் போயிருந்தார். அம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை.

கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த கற்கள்மேல் மாமா நின்றார். மூங்கில் கழியின் நுனியில் ஃப்ளாஷைக் கட்டி, உப்புத் தண்ணீர் படாமலிருக்க பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். ஒருதரம் அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற இரண்டு மூன்று நொடி ஆகும். அதுவரை கண்ணுக்குள் பச்சையாக ஒரு வட்டம் மிதக்குமே தவிர வேறொன்றும் தெரியாது.

நல்ல அலை ஒன்று வந்தது, ஏறி நின்றேன். பளீர்! கண் கூசி இரண்டு நொடி தள்ளாடிக் கால் நழுவியது. விழும்போது இன்னொரு பளீர். தண்ணீருக்குள் போனபிறகு தலைக்குமேல் ஒருதரம் எல்லாம் வெள்ளையாகி அணைந்தது.

மேலே வந்து மூச்சு வாங்கும்போதுதான் அப்பா படகின் இன்ஜின் சத்தம் கேட்டது. இருட்டில் திரும்பும் படகுகளுக்கு எங்கள் ஊரில் கரையிலிருந்து டார்ச் அடித்துக் காட்டுவார்கள். வெளிச்சம் ஆடுகிற இடத்தில் கல் இல்லை, தைரியமாக ஏறலாம் என்று அர்த்தம். எங்கள் படகுக்கு அம்மாதான் அடிப்பாள். அன்றைக்கும் தூரத்து மணலில் அவளுடைய டார்ச் ஆடிக்கொண்டுதான் இருந்தது. படகோ அவளை விட்டுவிட்டு நேராகக் கற்களைப் பார்த்துத் திரும்பியது.

"மாமா, அடிக்காத! நைனா இங்க வர்றாரு!" என்று கத்தினேன். வாயெல்லாம் உப்புத் தண்ணீர்.

"இரு இரு, செல்லு மாத்திகினு கீறேன்!" என்று குனிந்தபடியே சொன்னார் அந்த மகராசன்.

அப்பா சாகப்போகிறார், கொல்லப்போவது நான்தான் என்று நினைத்தேன். ஒரு படத்துக்கு ஆசைப்பட்டேனே, பாவி! பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். அந்த நினைப்பு இப்போதும் சில நாள் விடியற்காலையில் என்னை எழுப்பிவிடும்.

படகு கல்லில் மோதியது. முழுத் தேங்காயைத் தரையில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். அதற்கு முன்பே அப்பா கடலில் குதித்திருந்தார். நீந்தி வந்து என் சடையைப் பிடித்து இழுத்துப்போய் மணலில் போட்டு, ஓங்கி ஓர் அறை விட்டார். மாமாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாமா முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிப்போனார்.

படகின் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த அறை அதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ரொம்ப நாள் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பயம். ஃப்ளாஷை டார்ச் என்று நம்பி ஏமாந்துவிட்டார், பாவம் என்றும் நினைத்துக்கொள்வேன்.

பத்து வருஷம் கழித்து, இருவரும் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தபோது துணிந்து சீண்டினேன். "இன்னா நைனா, டார்ச்சுக்கும் ஃப்ளாஷுக்கும் வித்தியாசம் தெரியாமயா படகைக் கல்லுல வுட்ட?"

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டார்.

"உங்கம்மா டார்ச்சு எனுக்குத் தெரியாதா? மொத வெளிச்சத்துல நீ பலக மேல நின்னுகினு இருந்த. ரெண்டாவதுல விழுந்துகினு இருந்த. மூணாவதுல நீ இல்ல."