பினாங்குக்கு ஒன்றேகால் மணி நேரம்

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு விமானம் சிங்கப்பூர்த் தீவை விட்டுக் கிளம்பியது. எனக்கு அதுதான் முதல் விமானம். பினாங்குத் தீவு எவ்வளவு தூரம் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். துணி வியாபாரி, அடிக்கடி போய்வருகிறவர்.

"அறுநூறு கிலோமீட்டர் இருக்கும்மா. ஒன்றேகால் மணி நேரம்."

"அட! எங்க கீழ்வேளூர்லேருந்து திருத்துறைப்பூண்டிக்கு பஸ்ல போனா அதைவிடக் கூட ஆகுமே!"

அவர் சிரித்துவிட்டார். கீழே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நடவு முடிந்த வயல் மாதிரி வரிசை பிடித்த ரப்பர் மரங்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

ஆனால் நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ஊரில் அப்பா மூன்று ஏக்கர் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். குத்தகைதாரர் பெயரைப் பதியலாம் என்று சட்டம் வந்தது. "அவன் வெறும் கூலியாள்" என்று பண்ணையின் காரியஸ்தர் தாலுகா ஆபீஸில் கூசாமல் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் குத்தகை நெல் அளந்த மனிதரை! நிலத்துக்குச் சொந்தக்காரர், நாங்கள் சின்னையா என்று கூப்பிடும் பண்ணை வீட்டுப் பிள்ளை, பினாங்கில் வாத்தியார். அப்பாதான் குத்தகைதாரர் என்று அவர் கையெழுத்துப் போட்டால் நிலம் தங்கும். இல்லாவிட்டால் அடுத்த குறுவைக்கு அப்பா வரப்பில் கால் வைக்க முடியாது. கடிதம் எதற்கும் பதில் இல்லை. கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கும் நானே கிளம்பிவிட்டேன்.

பத்து இருபத்தைந்துக்கு இறங்கினோம். அங்கிருந்து டாக்ஸியில் பதினாறு கிலோமீட்டர். டிரைவர் சின்னையாவின் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலைத் தாண்டி, வீடுகளைச் சுற்றிக்கொண்டு, பின்சந்துக்குப் போய்க் கொல்லைக் கதவைத் தட்டினேன். ஊரில் பண்ணை வீட்டுக்குள் எங்கள் ஜனம் வேறு வழியாகப் போனதே இல்லை. கால் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

கதவைத் திறந்த சின்னையாவின் மனைவி பினாங்கிலேயே பிறந்தவர். திகைத்துப்போனார்.

"இங்க குப்பை எடுக்கறவங்கதான் வருவாங்க. முன்னால வாங்கக்கா!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வாசலுக்கு நடந்தேன். நாற்பது எட்டுதான் இருக்கும். பறந்து வந்த தூரத்தைவிட அது நீளமாக இருந்தது. சின்னையா கதவருகே நின்றார்.

"எதுக்கு அந்தப் பக்கம் போனே?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன், விளிம்பில்தான்.

நான் எழுதிக் கொண்டுபோன காகிதத்தை இரண்டு தரம் படித்தார். "காரியஸ்தர் வேற மாதிரியில்ல எழுதினாரு?"

"அப்பா உள்ளங்கையை வந்து பாருங்க சின்னையா. யார் உழுததுன்னு தெரியும்."

என் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

தபாலை நம்ப எனக்கு மனமில்லை. அடுத்த மாதம் கப்பலேறி, ஒரு வாரத்தில் நாகப்பட்டினத்தில் இறங்கி, கீழ்வேளூர் பஸ்ஸைப் பிடித்தேன். அப்பா வயலில் மடை அடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். ஈரக்கையை வேட்டியில் துடைத்தாரே தவிர, வாங்கவில்லை.

"எந்த வழியா உள்ள போனே?"

"முன்வாசல் வழியாத்தாம்ப்பா." பின்சந்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

"உக்காரச் சொன்னாரா?"

"நாற்காலியில உக்காந்தேம்ப்பா."

மண்வெட்டியை வரப்பில் சாய்த்தார். அதற்கப்புறம்தான் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டாரா?"