ஒல்லிக் குண்டும் தடித்த குண்டும்

என் வீட்டுக்காரர் எல்டன் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ரிப்பேர் பார்த்தவர். மிச்ச நேரமெல்லாம் கராஜில் உட்கார்ந்து, சுட்ட பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து வேட்டைத் தோட்டா அடைப்பார். எங்கள் ஊர் லூயிஸ்டவுனில் அவர் கை பட்ட தோட்டாவுக்குத் தனி மரியாதை.

ஏப்ரலில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பத்து நாளில் எழுந்து நடமாடினார். டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். ஆனால் எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அவர் அணைத்த அடுப்பை இன்னொரு தரம் போய்ப் பார்ப்பேன். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார் மனுஷன்.

அக்டோபரில் எங்கள் மகள் ரோண்டா தர்ட்டி-ஆட்-சிக்ஸ் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தாள். "எல்க் மான் வேட்டைக்கு நீதான்ப்பா இருபது தோட்டா அடைச்சுத் தரணும்" என்றாள். எல்டனுடையது டூ-செவன்டி. இரண்டும் அக்கா தங்கை மாதிரி. பித்தளைக் கூடு ஒன்றுதான். டூ-செவன்டிக்கு வாயைக் குறுக்கியிருப்பார்கள், குண்டு ஒல்லி.

எல்டன் அடைத்துக் கொடுத்த இருபதில் ஐந்தை ஊருக்கு வெளியே ஜல்லி தோண்டிய குழியில் சுட்டுப் பார்த்தோம். வேகம் அளக்கும் பெட்டி வினாடிக்கு 2,930 அடி காட்டியது. எல்டன் முகம் வெளுத்துவிட்டது.

"என்னோடதுல இதே எடைக் குண்டு 2,810-ஐத் தாண்டாது. ஒல்லிக் குண்டுதானே வேகமாப் போகும்? தடிச்சது இப்படி ஓடுதுன்னா மருந்தை அதிகமாப் போட்டுட்டேன், வெர்னா. பொண்ணு முகத்துல வெடிச்சிருந்தா?"

"சும்மா இருங்க."

"என் மூளை போச்சு. இனிமே நான் தோட்டாவைத் தொடமாட்டேன்."

அதட்டினேனே தவிர, எனக்கும் அதே சந்தேகம்தான். அவரையும் ஏற்றிக்கொண்டு நேரே டோரீன் கடைக்கு வண்டியை விட்டேன். டோரீன் துப்பாக்கி பழுது பார்ப்பவள், எல்டனோடு பள்ளியில் படித்தவள். வாய் ரொம்ப நீளம்.

சுட்ட கூடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மிச்சம் பதினைந்தையும் தட்டிப் பிரித்து, ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் போட்டாள்.

"பதினஞ்சும் கச்சிதம். ஒரு துணுக்குகூட ஏறல" என்றாள்.

"அப்புறம் எப்படி இந்த வேகம்?" என்றார் எல்டன்.

"யோவ், கூடு ஒண்ணு, குண்டு எடை ஒண்ணு, அழுத்தமும் ஏறக்குறைய ஒண்ணு. தடிச்ச குண்டுக்கு அடிப்பக்கம் அகலம். வாயு தள்ள இடம் ஜாஸ்தி, அதான் ஓடுது. உன்னோடதுல எல்லாரும் எடை கம்மியான குண்டு போட்டுச் சுடுறாங்க, அதனால வந்ததுய்யா ஒல்லிக் குண்டு வேகம்ங்கற பேரு. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் அடைச்ச?"

எல்டன் மெதுவாகக் கேட்டார். "ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடியும் எனக்கு இது தெரியாதா?"

"உனக்கு என்னிக்குமே தெரியாது!"

கடையே அதிர அவர் சிரித்தார். "கேட்டியா வெர்னா! நான் ஆதியிலேருந்தே முட்டாள்தானாம்!"

முட்டாள் என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. வண்டியில் எதையோ எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய் ஓவென்று அழுதேன். அப்பாடா, என் மனுஷன் முழுசாகத்தான் இருக்கிறார்!

மறுநாள் காலை அந்தப் பதினைந்தையும் திரும்ப அடைத்தார். நான் கராஜ் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.